கூலி: ஊர் சுற்றி வந்த இரண்டெழுத்துச் சொல்



தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். அலுவலகத்தில் ஊர்க்கதை பேசும்போது, "எங்கள் தாத்தா கூலிக்கு வயல் வேலை பார்த்துத்தான் எங்கப்பாவைப் படிக்கவைத்தார்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். பேசியது ஆங்கிலத்தில், 'கூலி' என்ற சொல்லை மட்டும் அப்படியே போட்டிருக்கிறான். எதிரில் இருந்த அம்மாளின் முகம் மாறிவிட்டதாம். அவர் பெயர் தமிழ்ப் பெயர். ஆனால் தமிழ் தெரியாது. "அந்த வார்த்தையை இங்கே சொல்லாதே தம்பி. எங்கள் பாட்டியை அதைச் சொல்லித்தான் ஏசுவார்கள்" என்றாராம்.

"சார், கூலி கெட்ட வார்த்தையா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். நகைக்கடையில் செய்கூலி கேட்கிறார்கள். லாரி வந்தால் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கொடுக்கிறோம். தையல்காரருக்குத் தையற்கூலி. எல்லா இடத்திலும் கூலி என்பது ஒருவர் உழைப்புக்கு நாம் கொடுக்கவேண்டிய தொகை. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆவது குறளில் இந்தச் சொல் இருக்கிறது. அங்கேயும் உடலை வருத்தி முயன்றதற்குக் கிடைக்கும் பலன் என்றுதான் பொருள். தானியத்துக்குக் 'கூலம்' என்று பழைய பெயர். கூலவாணிகன் சாத்தனாரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வேலைக்குத் தானியம் அளந்து கொடுத்த காலத்தில் கூலத்திலிருந்து கூலி வந்தது என்று சில சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இந்தச் சொல்லுக்கு ஊதியம் என்ற பொருள் உண்டு. சிங்களத்தில் 'குலிய' என்றால் வாடகை. வீட்டு வாடகையைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, நம்மைச் சுற்றியுள்ள மொழிகளில் இது பணத்தின் பெயர்.

இனிக் கடற்கரைக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியக் கடற்கரைகளில் வணிகம் செய்தபோது சுமை தூக்க ஆள் பிடித்தார்கள். தெற்கே கூலி என்ற சொல் காதில் விழுந்தது. மேற்கே குஜராத் பக்கம் 'கோலி' என்ற சமூகத்தார் இருந்தார்கள். ஐரோப்பியர் வாயில் நுழைந்த சொல் இந்த இரண்டில் எது என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. இதில் பர்னல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை. அதிலிருந்துதான் கூலி வந்தது என்று சொல்வோரும் உண்டு. அந்தச் சொல் 8ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. அது தனி வேர். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஆகிவிடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

சீன மொழியில் நடந்தது இன்னும் விந்தை. அங்கே இதைக் 'கூலீ' என்றே ஒலித்து இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு என்று பொருள், இரண்டாவதுக்கு வலிமை. ஒலிக்காகத் தேடிய எழுத்துகள் பொருளோடும் பொருந்திவிட்டன. இதைப் பார்த்துவிட்டுக் கூலி சீனச் சொல் என்றே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தோனேசியம், மலாய், தாய் மொழிகளிலும் இந்தச் சொல் சென்று சேர்ந்தது. ஆனால் அங்கெல்லாம் அதற்குச் சுமை தூக்குபவர், உடலுழைப்பாளி என்று பொருள். கப்பலேறும்போது பணத்தைக் குறித்த சொல், இறங்கும்போது ஆளைக் குறித்தது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்க 1833இல் சட்டம் இயற்றியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளராக இந்தியர்களை மொரீசியஸ் தீவுக்கு ஏற்றிச் சென்றார்கள். 1920 வரை ஏறக்குறைய 5 இலட்சம் பேர். அவர்கள் போய் இறங்கிய துறையின் பெயரே 'கூலி காட்'. இன்று அதன் பெயர் ஆப்ரவாசி காட். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தத் தீவில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஆளுக்குக் கூலி என்று பெயர் வைத்தவர்கள் அவனுடைய கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்!

டர்பனுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. 'ட்ரூரோ' என்ற அந்தக் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அங்கே சேர்ந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். பின்னர் வணிகம் செய்ய வந்த இந்தியரையும் அங்குள்ள வெள்ளையர் கூலி என்றே அழைத்தார்கள். 1893இல் போன காந்தி 'கூலி பாரிஸ்டர்' ஆனார். 'சத்திய சோதனை'யில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். தமிழர் பலருக்குப் பெயர் சாமி என்று முடிவதால், இந்தியரைச் 'சாமி' என்றும் இளக்காரமாக அழைத்தார்களாம். சாமி என்றால் எஜமான். நான் உமக்கு எஜமான் இல்லையே என்று கெட்டிக்காரர்கள் திருப்பிக் கேட்பார்களாம். கூலிக்கு அப்படிப் பதில் சொல்ல யாருக்கும் வாய்க்கவில்லை போலும். அந்த அம்மாளின் பாட்டி கேட்டது இந்தச் சொல்லைத்தான்.

அப்புறம் இந்தச் சொல் ஊர் திரும்பியது. ரயில் நிலையங்களில் சுமை தூக்குபவருக்குக் கூலி என்ற பெயர் நிலைத்தது. 2016 ரயில்வே பட்ஜெட்டில்தான் அவர்களைச் 'சகாயக்' என்று அழைக்கப்போவதாக அறிவித்தார்கள். உதவியாளர் என்று பொருள்.

வெளியூர்க்காரனை மட்டும் குறை சொல்லி முடித்தால் நான் நேர்மையான வாத்தியார் இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'தந்தை தொழில்' என்ற கட்டத்தில் எத்தனையோ பேருக்கு நானே 'கூலி' என்று எழுதியிருக்கிறேன். ஒருமுறை ஆறாம் வகுப்பில் சேர வந்த ஒரு சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், கூலின்னா எங்கப்பா வாங்குற காசு. எங்கப்பா கிணறு வெட்டுறவரு" என்றாள். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டேன். தமிழாசிரியர்களான எங்களைவிட அந்தக் குழந்தைக்குச் சொல்லின் பொருள் சரியாகத் தெரிந்திருந்தது. அவள் இதைப் படித்தால், நீ சொன்னதுதான் சரி அம்மா.

டர்பன் தம்பிக்கு என் பதில் இதுதான். கூலி கெட்ட வார்த்தை இல்லை. உன் தாத்தா கூலி வாங்கினார். அவர் கூலி இல்லை. அந்த அம்மாளிடம் இதை எடுத்துச் சொல். ஆனால் அவர் எதிரில் அந்தச் சொல்லை மறுபடி சொல்லாதே.

உங்கள் தாத்தா, பாட்டி என்ன வேலை செய்தார்கள்? வேலையின் பெயரோடு கீழே எழுதுங்கள். நாற்று நடவா, கல் உடைப்பா, செங்கல் சூளையா? படிக்கக் காத்திருக்கிறேன்.