ராஜபாளையம் நாயின் மூர்க்கம்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள ராஜபாளையத்தின் பெயர் தாங்கிய நாயினத்தில் காணப்படும் தாக்கும் இயல்பு. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இவ்வினம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை இதற்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

வேற்றாளை அண்டவிடாதது இதன் குணம், அதற்காகத்தான் வளர்த்தார்கள். கடிப்பதற்கு அச்சம், வலி, சோற்றுத்தட்டைக் காக்கும் முனைப்பு போன்றவை காரணமாகின்றன. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் இவ்வினத்தில் வருவதுண்டு. காது கேளாத நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். குட்டி வாங்கும்போது அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கலாம்.

பிறந்த 3 முதல் 14 வாரத்துக்குள் குழந்தைகள், சைக்கிள், மேளச்சத்தம் எல்லாம் குட்டிக்குப் பழகிவிட வேண்டும். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுவது காவலுக்கு நல்லது என்று இன்னும் நம்புகிறார்கள்; அது நாயை முரடாக்கவே செய்கிறது. உடல் விறைப்பதும் உதடு சுருங்குவதும் உறுமுவதும் எச்சரிக்கைகள். உறுமலை அடித்து அடக்கினால், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும். சாதுவான நாய் திடீரென முறைத்தால் காதுப்புண்ணோ மூட்டுவலியோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.