பெரிய பச்சைக்கிளி: கூண்டுக்குள் போன ஒரு வரலாறு

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் படாளம் கூட்டுரோடு வரும். வேடந்தாங்கலுக்குச் செல்கிறவர்கள் பலர் இங்கேதான் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் அடுத்த முறை அவ்வழியே போகும்போது, வயலோரத்தில் நிற்கும் மொட்டைப் பனைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏதாவதொரு பொந்திலிருந்து பச்சைக்கிளி ஒன்று தலையை நீட்டக்கூடும். அது நாம் எல்லோரும் அறிந்த கிளி. செந்தார்ப் பைங்கிளி என்று பறவை நூல்கள் அதைக் குறிப்பிடும்.

அதற்கு ஓர் அண்ணன் உண்டு. அதுதான் பெரிய பச்சைக்கிளி. சாதாரணக் கிளி வாலையும் சேர்த்து 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; இதுவோ 58 சென்டிமீட்டர் அளவு வளரும். எடை 250 கிராம் வரை இருக்கும். அலகு மிகப் பருத்துச் சிவந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. தோளைப் பாருங்கள், அங்கே கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது பெரிய கிளி. இந்தியா, இலங்கை முதல் வியட்நாம் வரை பரவி வாழும் இப்பறவை, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இன்று 'அழிவு அபாயத்தை நெருங்கும் இனம்' என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளது. தெற்காசியாவின் பல பகுதிகளிலும், லாவோஸ், தாய்லாந்து போன்ற நாடுகளிலும் இதன் எண்ணிக்கை சரிந்துவிட்டது.

இப்படி நேர்ந்தது ஏன்? அதை அறிய நாம் 2,400 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அதிசயமும் அடிமையும்

கி.மு. 400 அளவில் பாரசீக அரசனின் அவையில் க்டேசியஸ் என்ற கிரேக்க மருத்துவர் இருந்தார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். ஆயினும், இந்தியாவில் மனிதரைப் போலப் பேசும் பறவை ஒன்று உண்டு, அது இந்திய மொழி பேசும், கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்று எழுதிவைத்தார். பின்னர் அலெக்சாந்தருடன் வந்த கடற்படைத் தலைவர் நியார்க்கஸும் இந்தியக் கிளியை ஓர் அதிசயமாகவே வருணித்தார். அலெக்சாந்தர் பஞ்சாபிலிருந்து இக்கிளிகளைத் தம் நாட்டுக்கு அனுப்பினார் என்ற மரபுக் கதையால்தான் ஆங்கிலத்தில் இதற்கு 'அலெக்சாண்ட்ரைன்' என்ற பெயர் வழங்குகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் பச்சை உடலும் சிவந்த கழுத்து வளையமும் கொண்ட கிளியைப் பற்றி எழுதினார். அதன் தலை மிகக் கடினமானது, ஆகவே பேசக் கற்பிக்கும்போது இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும் என்பது அவர் தரும் குறிப்பு! இரண்டாம் நூற்றாண்டில் ஆரியன் என்ற வரலாற்றாசிரியர், நியார்க்கஸ் அதிசயம் என்று சொன்ன கிளிகளைத் தாமே பல முறை கண்டிருப்பதால் அவற்றை விவரிக்கத் தேவையில்லை என்று கூறிவிட்டார். ஏறத்தாழ 450 ஆண்டுகளில் அதிசயம் அன்றாடச் சரக்காகிவிட்டது.

நம் நாட்டில் கிளிக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று, தினைப்புனத்தைக் கொள்ளையடிக்கும் பறவை. குறிஞ்சிப்பாட்டின் தலைவி தட்டை, குளிர் முதலிய கருவிகளைக் கொண்டு கிளி ஓட்டுகிறாள். மற்றொன்று, தெய்வத்தின் கையில் அமர்ந்த பறவை. மதுரை மீனாட்சியின் கையிலும், திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி இருக்கிறது. ஆண்டாளின் கிளியை நாள்தோறும் இலைகளைக் கொண்டு புதிதாகச் செய்கிறார்கள். உயிருள்ள பறவை ஒன்றைப் பிடிக்காமலே கிளியைப் போற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆனால் சந்தை இலைக் கிளியால் நிறைவடைவதில்லை. பேசும் திறமையாலும் பெரிய உருவத்தாலும் இக்கிளிக்கு எப்போதும் நல்ல விலை உண்டு. வட இந்தியச் சந்தைகளில் 'பஹாடி தோத்தா', அதாவது மலைக்கிளி, என்ற பெயரில் இதன் குஞ்சுகள் விற்கப்பட்டு வந்தன.

வரத்து நின்ற ஏரி

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய கிளி தானாகக் கூடு கட்டுவதில்லை. முதிர்ந்த மரத்தின் பொந்து அதற்கு வேண்டும். ஆண்டுக்கு 2 முதல் 4 முட்டைகள் இடும். குஞ்சு பொரிந்து, சிறகு முளைத்து வெளியே பறக்க ஏறத்தாழ 7 வாரம் ஆகும். அக்குஞ்சு தானும் இனம் பெருக்க 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனால் ஆயுள் மிக நீண்டது. கூண்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவையும் உண்டு.

ஒரு தோப்பில் 10 சோடிக் கிளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிளி பிடிப்பவர் பெரிய பறவைகளைத் தொடுவதில்லை. அவை பேசப் பழகா. பொந்திலுள்ள குஞ்சுகளை மட்டும் ஆண்டுதோறும் எடுத்துச் செல்கிறார். ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் அத்தோப்புக்குப் போனால் என்ன காண்பீர்கள்? பதினைந்து பதினாறு கிளிகளாவது கூச்சலிட்டுப் பறக்கும். "கிளிகள் இருக்கத்தானே செய்கின்றன?" என்று திரும்பிவிடுவீர்கள். ஆனால் அவற்றுள் ஐந்து வயதுக்குக் குறைந்த பறவை ஒன்றுகூட இராது.

படாளத்துக்கு அருகிலுள்ள மதுராந்தகம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கிளியாறு அதற்கு நீர் கொண்டுவருகிறது. ஆற்றில் வரத்து நின்ற அன்றே ஏரி வற்றிவிடுவதில்லை. பல வாரங்கள் தளும்பியே நிற்கும். கரையில் நின்று பார்ப்பவனுக்கு ஆபத்து தெரியாது. நீண்ட ஆயுளுடைய உயிரினங்கள் யாவும் இத்தகைய ஏரிகளே. கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் நாம் ஏமாந்துபோவோம். வரத்தை, அதாவது குஞ்சுகளை, எண்ண வேண்டும்.

இதில் மற்றொரு கேடும் உண்டு. குஞ்சை எடுக்கப் பொந்தை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். அப்பொந்து அடுத்த ஆண்டு பறவைக்குப் பயன்படுவதில்லை. குஞ்சோடு வீடும் போய்விடுகிறது.

கூண்டு காப்பாற்றுமா?

"கூண்டில் வளர்த்தால் இனம் அழியாமல் இருக்குமல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரேசில் நாட்டின் ஸ்பிக்ஸ் மக்கா என்ற நீலக்கிளியின் வரலாறு இதற்கு விடை சொல்லும். காடழிப்பாலும் கிளி வணிகத்தாலும் அவ்வினம் நலிந்து, 1990இல் காட்டில் ஒரே ஓர் ஆண் பறவைதான் எஞ்சியிருந்தது. 2000இல் அதுவும் மறைந்தது. உலகெங்கும் செல்வர்களின் கூண்டுகளில் இருந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றின் பரம்பரையையும் ஆராய்ந்து, சோடி சேர்த்துப் பல ஆண்டுகள் பெருக்கினார்கள். 2020இல் 52 பறவைகள் ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்கு விமானத்தில் சென்றன. 2022இல் முதல் 8 பறவைகள் காட்டில் விடப்பட்டன. மீட்பு வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

கூண்டு ஓர் இனத்தைக் காத்தது உண்மையே. ஆனால் அது விஞ்ஞானிகளின் கூண்டு. வீட்டுத் திண்ணையில், இறக்கை வெட்டப்பட்டு, சோடியின்றித் தனியே தொங்கும் கிளி எந்த இனத்தையும் பெருக்குவதில்லை. காட்டின் கணக்கில் அது பிடிபட்ட அன்றே இறந்துவிட்டது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். மக்கா போன்ற அயல்நாட்டுக் கிளிகளைப் பற்றியும் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும், 2024இல் வந்த பதிவு விதிகளும் பேசுகின்றன. அனைத்துலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அத்தகைய பறவைகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். விந்தை என்னவென்றால், கூண்டிலிருந்து தப்பிய பெரிய பச்சைக்கிளிகள் இன்று ஜெர்மனியின் கொலோன் போன்ற ஐரோப்பிய நகரங்களில் கூட்டமாக வாழ்கின்றன! தாய்நாட்டில் தேய்கின்ற பறவை அயல்நாட்டுப் பூங்காக்களில் கூவுகிறது.

வேடந்தாங்கல் காட்டும் வழி

பறவை வளர்ப்பு என்றால் கூண்டு என்று யார் சொன்னது? படாளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரிக்கு வரும் நாரைகளையும் கொக்குகளையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். துப்பாக்கியுடன் வந்தவர்களுக்கு எதிராக அவர்கள் முறையிட்டதன் பேரில், 1798இல் செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்று ஆணை அளித்தார். அங்கே கூண்டு இல்லை, பூட்டு இல்லை. மரத்தை வெட்டாமலும், வேட்டு வெடிக்காமலும் இருந்ததே வளர்ப்பு.

கிளிக்கும் நாம் செய்யக்கூடியது அதுவே. குஞ்சு விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள். இரக்கப்பட்டு விடுவிப்பதற்காக வாங்கினாலும் அது அடுத்த பொந்துக்கு விலை வைத்ததாகிவிடும். அடிபட்ட கிளி கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். முக்கியமாக, பட்டுப்போன பனைதானே என்று அந்த மொட்டை மரத்தை வெட்டிவிடாதீர்கள். நமக்கு அது விறகு. கிளிக்கு அது அடுத்த தலைமுறை.