ஆடகசவுந்தரியின் குலமுறை

திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைக் கடந்து வெருகலை நோக்கிச் செல்லும் கரையோரத்திலே, இலங்கைத்துறை முகத்துவாரம் என்றொரு சிற்றூர் உண்டு. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த அவ்வூரைச் சிங்கள மக்கள் லங்காபட்டுன என வழங்குவர். கலிங்க நாட்டிலிருந்து புத்தரின் தந்ததாதுவைத் தன் கூந்தலில் மறைத்துக்கொண்டு வந்த இளவரசி ஹேமமாலை கரையிறங்கிய துறை அதுவே என்பது அவர்தம் நம்பிக்கை. கோணமலையிலும் கந்தளாயிலும் வழங்கும் தமிழ் மரபு இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேசுகின்றது. அவளும் கலிங்கத்திலிருந்து வந்தவள். அவளும் கடல்வழி வந்தவள். அவள் பெயர் ஆடகசவுந்தரி. குளக்கோட்டு மன்னனின் தேவியாகவும் கந்தளாய்க் குளத்தோடு தொடர்புடையவளாகவும் போற்றப்படும் அவள் யாருடைய மகள்? அவளது குலமுறையை நம் மரபு நூல்கள் எவ்வாறு பதிந்து வைத்துள்ளன? அப்பதிவுகளுள் வரலாறாகக் கொள்ளத்தக்கது எவ்வளவு? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கீழ்க்கரையின் குடியேற்றக் காலத்தைப் பற்றிப் பேசும் நூல்களுள் தலையாயது கோணேசர் கல்வெட்டு. பெயர் கல்வெட்டாயினும் அது கல்லில் வெட்டப்பட்ட சாசனமன்று; கவிராசர் இயற்றியதாகச் சொல்லப்படும், பாட்டும் உரைநடையும் கலந்த ஏட்டு நூல். மருங்கூர் முதலிய ஊர்களிலிருந்து குடிகள் கொண்டுவரப்பட்டமை, தானத்தார், வரிப்பத்தார் எனக் கோயிற்றொழும்பு வகுக்கப்பட்டமை, வயல்களும் வருவாயும் ஒதுக்கப்பட்டமை ஆகியவற்றை அது விரித்துரைக்கின்றது. இன்ன குடிக்கு இன்ன கடமை, இன்ன உரிமை என நிலைநாட்டுவதே அதன் முதன்மையான பயன். ஆகவே அதனை வெறும் புராணமெனத் தள்ளிவிடவும் இயலாது. முழுதும் வரலாறெனக் கொள்ளவும் இயலாது. உரிமையை நிறுவ எழுந்த நூலில் குலமுறை கூறப்படும்போது, அக்குலமுறையே உரிமைக்குச் சான்றாகிவிடுகிறது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

முதலில் ஆண்வழியை நோக்குவோம். குளக்கோட்டன் மனுநீதிகண்ட சோழனின் மரபிலே தோன்றியவன், வரராமதேவனின் மகன். தந்தை பெயர், குலப்பெயர், நாட்டின் பெயர் மூன்றும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்டுவிடுகின்றன. ஆனால், இத்துணைத் தெளிவாகத் தந்தையை அறிந்த மரபு அம்மகனின் காலத்தை அறியாது தடுமாறுகின்றது. கோணேசர் கல்வெட்டு அவனது திருப்பணியைக் கலியாண்டு 512இல் வைக்கின்றது, அதாவது கி.மு. 2590 அளவில். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையோ சக ஆண்டு 358 என்கிறது, அது கி.பி. 436 ஆகும். திருகோணமலை பிரெட்றிக் கோட்டையிற் கிடைத்த, கிரந்த எழுத்திலமைந்த வடமொழிச் சாசனத் துண்டோ, சோடகங்கதேவன் என்பான் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், இலங்கைக்கு வந்தமையைக் குறிக்கின்றது. இச்சோடகங்கனே குளக்கோட்டன் என்பது வரலாற்றாசிரியர் சிலரின் முடிபு. அம்முடிபை ஏற்பின், மரபு நூல்கள் ஒரே மனிதனை ஏறக்குறைய 3,800 ஆண்டுகள் முன்தள்ளியிருக்கின்றன. தெளிவான வம்சாவளி என்பது நம்பத்தகுந்த வம்சாவளியாகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி ஆடகசவுந்தரியிடம் வருவோம். நூலுக்கு நூல், வாய்க்கு வாய் பேதப்படும் அவள் கதையின் பொதுவடிவம் வருமாறு: கலிங்க அரசன் ஒருவனுக்கு ஒரு பெண்மகவு பிறக்கின்றது. அதனால் நாட்டுக்குக் கேடு விளையுமென நிமித்திகர் உரைக்க, குழந்தையைப் பேழையிலிட்டுக் கடலில் விடுகின்றனர். பேழை ஈழத்தின் கீழ்க்கரையை அடைகின்றது. உன்னாசகிரியிலிருந்து ஆண்ட மன்னன் அக்குழந்தையைக் கண்டெடுத்து மகளாக வளர்க்கின்றான். அவனுக்குப் பின் அவளே அரசு கட்டிலேறுகின்றாள். கோணமலையிலே அயல்நாட்டவன் ஒருவன் கோயில் எடுக்கின்றான் எனக் கேட்டு, அவனைத் துரத்திவரப் படையோடு அமைச்சரை அனுப்புகின்றாள். பகை உறவாக மாறுகின்றது. குளக்கோட்டன் அவளை மணக்கின்றான். இருவருக்கும் பிறந்த சிங்ககுமாரன் பின்னர் நாடாள்கின்றான்.

இக்கதையைக் குலமுறைப் பதிவாக வாசித்தால் ஓர் உண்மை புலனாகின்றது. குளக்கோட்டனுக்கு மேல்நோக்கிய வழி நீண்டு கிடக்க, ஆடகசவுந்தரிக்கு மேல்நோக்கிய வழி கடலிலே அறுந்துவிடுகின்றது. பெற்ற தாய் தந்தையர் கதையின் தொடக்கத்திலேயே மறைந்துபோகின்றனர். அவள் பெயர்கூட, ‘பொன்னழகி’ என்னும் பொருள் தரும் ஒரு வருணனையே. எனினும் கீழ்நோக்கிய வழியைப் பார்க்குமிடத்து நிலைமை தலைகீழாகின்றது. குளக்கோட்டனுக்கு இம்மண்ணிலே உரிமை ஏதும் இல்லை; அவன் வந்தவன். மண்ணுரிமை உடையவள் ஆடகசவுந்தரி. சிங்ககுமாரன் ஆள்வது தந்தையின் சோழ நாட்டையன்று, தாயின் நாட்டையே. குலப்பெருமை தந்தைவழி வருகின்றது. நாட்டுரிமை தாய்வழி வருகின்றது. ஆயினும் ஏடு எழுதியோர் முன்னதை விரித்தும் பின்னதைச் சுருக்கியும் எழுதினர்.

பேழையிற் கடல்வழி வந்த பெண்ணின் கதை தமிழ் மரபுக்கு மட்டும் உரியதன்று. மகாவம்சத்திலே களனி மன்னன் தீசனின் மகள், பின்னாளில் விகாரமகாதேவி எனப் புகழ்பெற்றவள், பொற்கலம் ஒன்றில் வைக்கப்பட்டுக் கடலில் விடப்படுகின்றாள். தந்தை செய்த பாவத்தாற் பொங்கிய கடலைத் தணிப்பதற்காக அவ்வாறு செய்யப்பட்டது. அக்கலம் உரோகணக் கரையில் ஒதுங்க, காவந்தீசன் அவளைத் தேவியாக்கிக்கொள்கின்றான். அவர்களின் மகனே துட்டகைமுனு. இங்கே நம் கவனத்துக்குரியது, அக்கலத்தின்மீது ‘அரசன் மகள்’ என எழுதப்பட்டிருந்ததென மகாவம்சம் கூறுவதாகும். அவள் பெயர் எழுதப்படவில்லை; அவள் யார் மகள் என்பதே எழுதப்பட்டது. கரையிற் கண்டெடுப்போருக்கு வேண்டியிருந்ததும் அதுவே போலும்.

இலங்கைத்துறைக்கு வந்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் கதையோ மற்றொரு பாடம் புகட்டுகின்றது. தந்ததாதுவின் வருகையை நான்காம் நூற்றாண்டு மன்னன் கீர்த்திசிறிமேகவண்ணனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் வைக்கும் சூளவம்சம், அதனைக் கொணர்ந்தவள் ஒரு பிராமணப் பெண் என்று மட்டுமே சொல்லி அமைகின்றது. அவளுக்குப் பெயரில்லை, தந்தையில்லை, கணவனில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லீலாவதி அரசியாய் வீற்றிருந்த காலத்தில், தம்மகித்தி தேரர் பாளியில் இயற்றிய தாதாவம்சத்திலே அப்பெண் ஹேமமாலை ஆகின்றாள்; குகசீவன் என்னும் கலிங்க மன்னனின் மகளாகவும் தந்தகுமாரனின் மனைவியாகவும் காட்சி தருகின்றாள். காலம் செல்லச் செல்ல மறக்கப்பட வேண்டிய குலமுறை, காலம் செல்லச் செல்ல வளர்ந்திருக்கின்றது. இவ்விடத்து ஆடகம், ஹேமம், பொற்கலம் என மூவர் கதையிலும் பொன் இடம்பெறுவதும் நோக்கத்தக்கது. வெவ்வேறு மொழியினர், வெவ்வேறு சமயத்தினர்; ஆயினும் கரையேறிய பெண்ணுக்கு மதிப்பளிக்க அவர்கள் கைக்கொண்ட வழி ஒன்றே.

அங்ஙனமாயின் இக்கதைகளுக்கு வரலாற்று அடிப்படை யாதும் இல்லையா? உண்டு, ஆனால் அதனைத் தனியொருத்தியின் வாழ்வில் அன்றி, இரு நாடுகளுக்கிடையே நிலவிய உறவிலேயே தேடல் வேண்டும். சோழராட்சியை 1070இல் முடிவுறுத்திய முதலாம் விசயபாகு கலிங்க அரசகுலத்துத் திலோகசுந்தரியை மணந்தான் எனச் சூளவம்சம் கூறும். அவளுடைய உறவினர் மூவர் கலிங்கத்துச் சிங்கபுரத்திலிருந்து இலங்கைக்கு வந்தமையும் அதிற் பதிவாகியுள்ளது. ஆடகசவுந்தரியின் மகன் சிங்ககுமாரன் எனப் பெயர்பெற்றமை, இச்சிங்கபுரத் தொடர்பின் எதிரொலியாக இருத்தல் கூடும். பின்னர் 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் தன்னைக் கலிங்கனென்றே கல்லில் வெட்டுவித்தான். 1215இல் வந்த மாகனும் கலிங்கத்தவனே.

இனிச் சோடகங்கன் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். கலிங்கத்தை ஆண்ட கங்கர் மரபிலே, ஏறத்தாழ 1078இல் அரியணையேறிய அனந்தவர்மன் சோடகங்கன் என்னும் பெருமன்னன் இருந்தான். அவன் தந்தை கங்கன். தாய் இராசசுந்தரியோ சோழ இளவரசி. தாய்க்குலம் முன்னும் தந்தைக்குலம் பின்னுமாக இணைந்த பெயரே ‘சோட-கங்க’ என்பது. 1223இல் திருகோணமலையோடு தொடர்புற்ற சோடகங்கன் அம்மரபினன் என நிறுவப் போதிய சான்று இல்லை. ஆயினும் சோழமும் கலிங்கமும் கலந்த ஒரு பெயர் கோணமலைக் கல்லிலே நிற்க, சோழனொருவன் கலிங்கப் பெண்ணை மணந்த கதை கோணமலை மக்கள் நாவிலே நிற்பது தற்செயல் எனத் தோன்றவில்லை. பெயரிலே ஒன்றாயிருந்த இரு குலங்களைக் கதை கணவனும் மனைவியுமாகப் பிரித்து வைத்துக்கொண்டதோ என ஐயுற இடமுண்டு. இஃது ஊகமேயன்றி முடிபன்று.

தாய்வழி உரிமை பற்றிய குறிப்பையும் கீழ்மாகாணத்தின் சமூக அமைப்போடு பொருத்திப் பார்த்தல் தகும். மட்டக்களப்புப் பகுதியிலே ஒருவர் எக்குடியினர் என்பது தாயைக் கொண்டே அறியப்படும். கோயிற் பங்கும் திருவிழா உரிமையும் அக்குடி வழியே செல்லும். வீடும் வளவும் மகளுக்கே சேரும். மருமக்களுக்குச் சொத்துரிமை சென்ற பழைய முக்குவர் வழமையைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் நூலாக்கி வெளியிட்டார். இத்தகைய மண்ணிலே, வந்தவன் ஒருவன் வேரூன்றுவதற்கு இங்குள்ள பெண்ணொருத்தியை மணந்தே ஆகவேண்டும். ஆடகசவுந்தரி கதையைப் பாடியோரும் கேட்டோரும் இதனை விளக்கம் தேவையின்றியே உணர்ந்திருப்பர்.

கதையில் வாழ்ந்த பெண்ணை விட்டு, கல்லில் வாழும் பெண் ஒருத்தியையும் காண்போம். கந்தளாய்க்கு அயலிலுள்ள பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனம் முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரியது; பதினொராம் நூற்றாண்டின் கடைக்கூற்றைச் சேர்ந்தது. விசயராச சதுர்வேதிமங்கலம் எனப் பெயர்பெற்ற கந்தளாயிலே, தென்கைலாசமான விசயராச ஈசுவரத்துக்கு, நங்கைசானி என்னும் பிராமணப் பெண் தன் கணவன் நினைவாக அறக்கொடை அளித்ததை அது கூறுகின்றது. அவ்வறம் வலங்கை வேளைக்காரப் படையினரின் காவலில் வைக்கப்பட்டது. ஆடகசவுந்தரிக்கு அரசும் மாளிகையும் உண்டு. ஆனால் ஆண்டும் இடமும் இல்லை. நங்கைசானிக்கோ இரண்டும் உண்டு. இருந்தும், கணவனை இழந்தவள் என்பதற்கப்பால் அவளது தாய் யார், மகள் யார் என்பதைக் கல் சொல்லவில்லை. ‘நங்கை’ என்பது பெண்ணுக்குரிய பொதுச்சொல். ‘சானி’ என்பது அக்காலச் சாசனங்களிற் பிராமண மகளிரைக் குறித்து வழங்கிய சொல். ஆகவே நாம் பெயரென்று கொள்வதும் அயலார் அவளை மதிப்போடு விளித்த விளியாகவே இருத்தல் கூடும்.

எனினும் அச்சிறு சாசனம் தரும் செய்தி பெரிது. சோழர் வெளியேறிய பின்னரும் அப்பெண்ணின் குடும்பமும் அவள் வாழ்ந்த பிராமணக் குடியிருப்பும் இங்கேயே நிலைத்திருந்தன. பௌத்தனான சிங்கள மன்னனின் பெயரை ஒரு சிவன் கோயில் தாங்கி நின்றது. அதற்கு இணையாக, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள பெரியகுளத்து வெல்கம் விகாரை, சைவனான சோழ மன்னனின் பெயரால் இராசராசப் பெரும்பள்ளி என வழங்கிற்று. ஒரே மாவட்டத்தில், ஒரே நூற்றாண்டில் நிகழ்ந்தவை இவை.

யார் முதலில் வந்தவர் என்னும் வினா இம்மாவட்டத்திலே ஏட்டோடு நின்றுவிட்ட வினாவன்று. வயலுக்கும் குளத்துக்கும் ஊர்ப்பெயருக்கும் அவ்வினா எழுப்பப்பட்டிருக்கின்றது. அதன் பொருட்டு மக்கள் ஊரிழந்து அலைந்துமிருக்கின்றனர். அத்தகைய வழக்குகளில் இரு தரப்பாரும் காட்டுவது தந்தைவழி வம்சாவளியையே. அவ்வழி ஒரே கோடாகச் செல்வது. பிறரை விலக்கியே தன்னை நிறுவுவது. அதே ஏடுகளிற் பெண்ணின் வழியைத் தேடிச் செல்வோமாயின் வேறொரு காட்சி தோன்றுகின்றது. கலிங்கத்திற் பிறந்து, ஈழத்து மன்னன் வளர்க்க வளர்ந்து, சோழனை மணந்து, கோணேசரை வணங்கிய ஒருத்தியே இப்பகுதியின் மூதாதை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். தம் மூதாய் கலப்பில்லாதவள் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் முனையவில்லை.

ஆடகசவுந்தரியைப் பெற்றவர் யார் என்பதை எந்த ஏடும் இனிச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவளுக்குப் பின்வந்த எண்ணற்ற பெண்களின் வழி முற்றாக அழிந்துவிடவில்லை. ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளிலும், கோயிற் பங்குக் கணக்குகளிலும், சீதன உறுதிகளிலும், இவற்றுக்கெல்லாம் மேலாக நம் ஊர்களில் இன்னும் வாழும் முதியோரின் நினைவிலும் அது சிதறிக் கிடக்கின்றது. தன் தாயின் தாய், அவள் தாய் எனப் பெயர் சொல்லக்கூடிய மூதாட்டியர் அருகி வருகின்றனர். கல்லும் ஏடும் விட்டுச்சென்ற இடத்தை அவர்கள் வாய்மொழியால் நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பு நம் தலைமுறையோடு முடிந்துவிடலாம். வரலாறு பயிலும் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, குறிப்பேடு ஒன்றை உடன்கொண்டு செல்வாராக.