பிரம்மபுரம் குப்பைத் தீ

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கொச்சி மாநகராட்சியின் பிரம்மபுரம் திடக்கழிவு நிலையத்தில் 2023 மார்ச் 2 பிற்பகலில் பற்றிய தீ பிரம்மபுரம் குப்பைத் தீ எனப்படுகிறது. அதை முழுவதும் அணைக்க மார்ச் 13 வரை ஆயிற்று. கொச்சி நகரமே பல நாள் புகையில் மூழ்கியது.

நிலையம்

கடம்பிரயார் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில், 100 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் நிலையம் அமைந்துள்ளது. மக்கும் குப்பையை உரமாக்கும் ஆலை 2008இல் இயங்கத் தொடங்கியது. இளகிய மண்ணில் எழுந்த கட்டடங்கள் விரைவிலேயே பழுதுபட்டன. ஆலுவா, அங்கமாலி, திருக்காக்கரை முதலிய நகராட்சிகளின் குப்பையும் இங்கேதான் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் மலையாகக் குவிந்தது. 2023க்கு முன்பும் இங்கே தீ பிடித்ததுண்டு.

தீயின் இயல்பு

குப்பைமேட்டுத் தீ இருவகை. மேற்பரப்புத் தீ காகிதம், துணி, பிளாஸ்டிக் உறைகளைப் பற்றி வேகமாக ஓடும். தண்ணீர் பீய்ச்சினால் அடங்கும். ஆழத் தீ நீறுபூத்த நெருப்பு. ஈரம் காயாத வைக்கோலைப் போராக அடுக்கி, சில நாள் கழித்து உள்ளே கைவிட்டுப் பார்த்த உழவருக்கு அந்தச் சூடு தெரியும். குப்பைமேட்டில் நடப்பதும் அதுவே. நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைச் சிதைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. மேலே மூடிய பிளாஸ்டிக் அதை வெளியே விடுவதில்லை. காற்றில்லாத ஆழத்தில் மீத்தேனும் உருவாகிறது. கோடை வெயிலும் சேர்ந்துகொண்டால் மேடு உள்ளிருந்தே கனலும். பிரம்மபுரத்தில் நேர்ந்தது இதுதான். யாரோ வைத்த தீ என்ற பேச்சை ஏற்க ஆதாரம் இல்லை.

இத்தகைய தீயின்மேல் ஊற்றும் நீர் பிளாஸ்டிக் படலத்தில் வழிந்தோடிவிடும், தணலை எட்டாது. ஆகவே பொக்லைன்கள் மேட்டைக் கிளறிப் பள்ளமாக்கின. ஆற்றிலிருந்து பம்புகளால் இறைத்த நீரைத் தீயணைப்பு வீரர்கள் அந்தப் பள்ளங்களில் பாய்ச்சினர். ஒவ்வொரு வாளிக் குப்பை புரளும்போதும் அடியிலிருந்து புதுப்புகை கிளம்பும். இரவும் பகலும் முறைவைத்து அந்தப் புகைக்குள் நின்றவர்களின் உழைப்புக்கு ஈடில்லை. கடற்படை ஹெலிகாப்டர்களும் மேலிருந்து நீர் ஊற்றின.

மக்கள் பாதுகாப்பு

வீட்டுக்குள்ளேயே இருக்கவும் முகக்கவசம் அணியவும் மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்தியது; பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது. மூச்சுத்திணறல், கண் எரிச்சலுடன் பலர் மருத்துவமனைகளை நாடினர். பிளாஸ்டிக் புகையில் நுண்துகள்களோடு டையாக்சின் போன்ற நஞ்சுகளும் இருக்கும். துணிக் கவசம் அவற்றைத் தடுக்காது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு ₹100 கோடி இழப்பீட்டுத் தொகை விதித்தது. முன்னாண்டு ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்ததையும் இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

குவியல்களுக்கிடையே தீத்தடுப்பு இடைவெளி, பிரித்த பிளாஸ்டிக்கை உடனுக்குடன் அப்புறப்படுத்துதல், மேட்டின் உள்வெப்பத்தை அளந்துவருதல், எந்நேரமும் நீர் இருப்பு ஆகியவை இத்தகைய நிலையங்களுக்கு இன்றியமையாதவை. பிரித்தெடுத்த பிளாஸ்டிக்கை அங்கேயே குவித்துவைப்பது மறுசுழற்சி ஆகாது. அது விறகு அடுக்குவதே.

பின்னர் பிரம்மபுரத்தில், நாளொன்றுக்கு 150 டன் மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் பாரத் பெட்ரோலியம் ஆலை அமைக்கப்பட்டது.