குண்டு எவ்வளவு தூரம் போகும்? கடலூரில் முடிந்த ஒரு கணக்கு

1690-ஆம் ஆண்டு. கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை கைமாறியது. செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டை சரி, சுற்றிலும் எவ்வளவு நிலம்? அதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! அப்படிச் சேர்ந்த ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் கடலூரில் இருக்கிறது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது அந்த ஊர் மக்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. இனி யாருக்கு வரி கட்டுவது என்ற கேள்வி. சரியாக 60 ஆண்டுகள் கழித்து, அதே கேள்வியை அளந்து பார்த்து விடை சொன்ன மனிதர் அதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். இன்று தொலைதூர வேட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பவர் முதல் இராணுவப் பொறியாளர் வரை எல்லாரும் செய்யும் சோதனைகளுக்கு அடிப்படை போட்டவர் அவர்தான்.

இதை ஏன் வரலாற்று மாணவர் படிக்க வேண்டும்? ஐரோப்பியர் ஆசியாவில் வெற்றி பெற்றதற்குக் காரணம் கேட்டால், “நவீன ஆயுதங்கள் இருந்தன” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ராபின்ஸின் கதையைத் தெரிந்துகொண்டால் அந்த ஒரு வரி போதாது என்பது புரியும்.

ஊசலில் பிடித்த வேகம்

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். போரே கூடாது என்று சொல்லும் குவேக்கர் சமயக் குடும்பம். கணிதத்தில் கெட்டிக்காரர், 20 வயதிலேயே இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் ஆனார்.

அந்தக் காலத்தில் குண்டின் பாதை பற்றிப் பெரும்பாலோர் கலிலியோ காட்டிய பரவளைவையே நம்பினார்கள். காற்று மிகவும் லேசானது, கனமான குண்டை அது என்ன செய்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். மறுத்துச் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் குண்டின் வேகத்தை அளக்கக்கூடிய கடிகாரமே அன்று கிடையாது.

ராபின்ஸ் கடிகாரத்தை விட்டுவிட்டு ஊசலைப் பிடித்தார். இரும்பும் மரமும் கொண்ட கனமான பலகையைத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு பலகையில் பதிந்ததும் பலகை பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதை அதனோடு கட்டிய நாடா காட்டிவிடும். குண்டின் உந்தம் பலகைக்குப் போய்விட்டதால், பலகையின் வேகத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

வகுப்பறைக்காக ஓர் எடுத்துக்காட்டு: குண்டு 0.04 கிலோகிராம், பலகை 25 கிலோகிராம். அடிபட்டதும் பலகை வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அப்படியென்றால் குண்டின் வேகம் 25.04 × 0.8 ÷ 0.04, அதாவது வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். கண்ணால் பார்க்க முடியாத வேகம், மெதுவாக ஆடும் பலகையில் அகப்பட்டுக்கொண்டது!

இந்த முறையை 1742-இல் ‘பீரங்கியியலின் புதிய கொள்கைகள்’ என்ற நூலில் அவர் வெளியிட்டார். முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டு வினாடிக்குச் சுமார் 1,670 அடி வேகத்தில் பறக்கும்போது, காற்று அதன் எடையைப் போல் 100 மடங்குக்கும் அதிகமான விசையோடு அதைத் தடுக்கிறது என்று அவர் கண்டார். காற்றே இல்லையென்றால், அதே குண்டு 45 பாகைக் கோணத்தில் 26 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அம்பாங்கில் சுட்டால் சுபாங் விமான நிலையத்தையும் தாண்டி விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலோ ஒரு கிலோமீட்டர் அளவு போவதே பெரிது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுத் தடை திடீரென மாறுவதையும் அவர் கவனித்திருந்தார்.

பெர்லினில் இருந்த பெருங்கணித மேதை ஆய்லர் 1745-இல் இந்நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து நீண்ட விளக்கக் குறிப்புகளும் எழுதினார். 1746-இல் ராயல் கழகம் ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

வளைந்த குழல் சொன்ன பாடம்

அடுத்த கேள்வி: ஒரே துப்பாக்கி, ஒரே குறி, ஆனால் குண்டுகள் ஏன் ஆளுக்கொரு பக்கமாகப் போகின்றன? குண்டு குழலின் சுவரில் உரசி, தாறுமாறாகச் சுழல்வதுதான் காரணம் என்று ராபின்ஸ் நினைத்தார். நினைத்ததோடு விடவில்லை. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கமாக வளைத்தார். வழியில் மெல்லிய தாள் திரைகளை நட்டு வைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கமாக வளைந்து திரும்பியது. தாளில் விழுந்த ஓட்டைகளே சாட்சி.

தாறுமாறான சுழற்சி கெடுக்கிறது என்றால் ஒழுங்கான சுழற்சி காப்பாற்ற வேண்டுமே! குழலின் உட்புறத்தில் திருகுபோல் பள்ளம் வெட்டிய துப்பாக்கிதான் ரைபிள். அதில் குண்டு தான் போகும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழலும். இந்தத் துப்பாக்கியைப் புரிந்துகொண்டு முதலில் கைக்கொள்ளும் நாடு மற்ற நாடுகளைவிட மிகவும் மேலோங்கும் என்று 1747-இல் ராயல் கழகத்தில் அவர் எடுத்துரைத்தார். உருண்டைக் குண்டுக்குப் பதிலாக முட்டை வடிவக் குண்டையும் பரிந்துரைத்தார்.

இன்றைய தொலைதூர வேட்டைக்காரர் செய்வதைப் பாருங்கள். வெடிமருந்தின் எடையைச் சிறுகச் சிறுக மாற்றுகிறார், ஒவ்வொரு தோட்டாவின் வேகத்தையும் மின்னணுக் கருவியில் அளக்கிறார், குறித்தாளில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பார்க்கிறார். காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும் நீண்ட கூர்முனைத் தோட்டாவைத் தேடுகிறார். வேகம், காற்று, சுழற்சி என்று ராபின்ஸ் பிரித்துவைத்த மூன்று கேள்விகள்தாம் இவை. கருவி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

கடலூரில் முடிவு

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். 1749-இல்தான் அது ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. இடைக்காலத்தில் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் புனித டேவிட் கோட்டை. பலவீனமான கோட்டைகளைச் சீரமைக்க ஆள் தேடிய கம்பெனி, ராபின்ஸைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750-இல் அவர் கடலூர் வந்தார். கோட்டைகளுக்கு வரைபடங்கள் தயாரித்தார். ஆனால் காய்ச்சல் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று புனித டேவிட் கோட்டையிலேயே இறந்தார். அடுத்த மாதமே கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டார்.

இங்கேதான் மாணவர் நின்று யோசிக்க வேண்டும். கிளைவின் படை ராபின்ஸ் சொன்ன ரைபிளாலா வென்றது? இல்லை. அவர் சொன்னதைப் பெரும் படைகள் ஏற்க ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆயின. பள்ளம் வெட்டிய குழலில் குண்டை இறக்க நேரம் பிடிக்கும் என்பது முக்கியக் காரணம். 1849-இல் மினியே தோட்டா வந்த பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. அதன் வழியில் வந்த 1853 என்ஃபீல்டு ரைபிளின் கொழுப்பு தடவிய தோட்டா உறைதான் 1857 கிளர்ச்சிக்குப் பொறியானது.

அப்படியானால் 1740களில் வென்றது எது? 1746-இல் அடையாற்றுப் போரில், ஆயிரம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் படை கர்நாடக நவாபின் பெரும்படையை விரட்டியது. அவர்கள் கையில் இருந்தது பள்ளம் இல்லாத சாதாரணத் துப்பாக்கி. பயிற்சி, வரிசை ஒழுங்கு, விடாமல் சுடும் வேகம் ஆகியவை வென்றன. 1748-இல் புனித டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அதே பயிற்சியை உள்ளூர்ச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். கம்பெனியின் துப்பாக்கியைப் பிடித்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. ஆகவே “நவீன ஆயுதம்” என்று மட்டும் எழுதாமல் பயிற்சி, பணம், உள்ளூர் ஆள்பலம், உள்ளூர் ஆட்சியாளர்களின் பூசல் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆயுத அறிவு மெதுவாக வளர்ந்த காரணி. 19-ஆம் நூற்றாண்டில்தான் அது முழு வேகத்தில் வேலை செய்தது.

அந்த அறிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் உருவான தோட்டா, உடலுக்குள் போனதும் விரிந்து பெருங்காயம் உண்டாக்கும். 1899 ஹேக் மாநாடு அத்தகைய தோட்டாவைப் போரில் தடை செய்தது. ஆனால் வேட்டையில் விரியும் தோட்டாவையே விரும்புகிறார்கள், விலங்கு துடிக்காமல் உடனே சாக வேண்டும் என்பதற்காக. ஒரே தோட்டா, ஓர் இடத்தில் கொடுமை, இன்னோர் இடத்தில் கருணை. அளவீடு இதைத் தீர்த்து வைக்காது. மனிதர்தான் தீர்க்க வேண்டும்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். கோட்டை போனது, ஊசல் கணக்கு நிலைத்தது.

ஆசிரியர்களுக்கு: நம் நாட்டில் 1960 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். ஆனால் களிமண் உருண்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு கோலிக்குண்டை அதில் உருட்டி மோதவிட்டால் ராபின்ஸின் ஊசல் வகுப்புக்கு வந்துவிடும். இயற்பியல் ஆசிரியரோடு சேர்ந்து செய்யலாம்.

மாணவர்களுக்கு: “18-ஆம் நூற்றாண்டில் கம்பெனியின் வெற்றிக்கு ஆயுதங்கள் மட்டுமே காரணம்.” இக்கூற்றை ஏற்கிறீர்களா? மூன்று சான்றுகளுடன் வாதிடுக.