கழிவு லாரிக்கு லைசென்ஸ் தருவது யார்? நகராட்சியா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா? திருச்செங்கோட்டை வைத்து ஒரு விளக்கம்

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி பட்டறையில் இருந்து கழிவு ஆயில் பேரலில் கிளம்புகிறது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் கசடு மிஞ்சுகிறது. தறிப்பட்டறையில் கழிவுப் பஞ்சும் அறுந்த நூலும் மூட்டையாகச் சேருகின்றன. வீடு, லாட்ஜ், கல்லூரி விடுதி என எங்கே செப்டிக் டேங்க் நிரம்பினாலும் டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது.

இவை எல்லாவற்றையும் எடுத்துச் செல்வது பெரும்பாலும் தனியார் வண்டிகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி கிடையாது. சிலவற்றுக்கு நகராட்சி லைசென்ஸ் வேண்டும். சிலவற்றுக்கு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். சிலவற்றுக்கு இரண்டுமே தேவையில்லை, ஜிஎஸ்டி ரசீது போதும்.

"வண்டிக்காரர் வந்தார், எடுத்துட்டுப் போயிட்டார், இனி நமக்கென்ன" என்று நினைத்தால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அபாயகரமான கழிவைப் பொறுத்தவரை அது கடைசியாகச் சேரும் இடம் வரை அனுப்பியவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது சட்டம்.

நகராட்சியின் அதிகாரம் எதுவரை?

வீடு, கடை, ஹோட்டல் குப்பை நகராட்சியின் பொறுப்பு. அதற்கு ஒப்பந்ததாரரை நியமிப்பதும் நகராட்சிதான். ஆனால் 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டன. தொழிற்சாலைக் கழிவு, அபாயகரமான கழிவு, மருத்துவக் கழிவு, மின்னணுக் கழிவு ஆகியவை இந்த விதிகளுக்குள் வராது, அவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு என்று அதிலேயே சொல்லப்பட்டது.

எனவே பட்டறையின் கழிவு ஆயிலையோ பெயின்ட் கசடையோ நகராட்சி குப்பை வண்டியில் போட முடியாது. அதை ஏற்றும் தனியார் வண்டிக்கு நகராட்சி அனுமதி தரவும் முடியாது. தொழில் நடத்த நகராட்சி தரும் உரிமம் வேறு, கழிவை ஏற்றிச் செல்ல வேண்டிய அனுமதி வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு.

செப்டிக் டேங்க் லாரி: உள்ளாட்சி தரும் லைசென்ஸ்

தனியார் கழிவு வண்டிக்கு நகர உள்ளாட்சி அமைப்பே நேரடியாக லைசென்ஸ் தருவதற்கு தமிழ்நாட்டில் தெளிவான உதாரணம் செப்டிக் டேங்க் லாரிதான். இதற்காக 2022-ல் நகர்ப்புற உள்ளாட்சி சட்டங்கள் திருத்தப்பட்டன. தொடர்ந்து 2023 தொடக்கத்தில் விதிகள் வந்தன.

அதன்படி, கழிவுநீர் உறிஞ்சும் வண்டியை ஓட்டுபவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து லைசென்ஸ் வாங்க வேண்டும். கட்டணம் ரூ.2,000. இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். எடுத்த கழிவை, அதற்கென ஒதுக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமே இறக்க வேண்டும். ஏரி, ஓடை, வறண்ட கிணறு, காலி நிலம் எதிலும் கொட்டக் கூடாது.

மீறினால் முதல் முறை ரூ.25,000, அடுத்த முறை ரூ.50,000 அபராதம். லைசென்ஸும் ரத்தாகலாம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. தொட்டிக்குள் ஆளை இறக்கி சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். லைசென்ஸ் இல்லாத வண்டிக்குக் கணக்கும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. விஷவாயு தாக்கி ஒருவர் இறந்தால் வண்டி உரிமையாளர் மட்டும் அல்ல, வேலைக்குக் கூப்பிட்ட கட்டட உரிமையாளரும் வழக்கில் சிக்குவார்.

ஆயில், பெயின்ட் கசடு, சாயக் கசடு: வாரியத்தின் எல்லை

1984 போபால் விபத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-ல் அபாயகரமான கழிவு விதிகள் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பது 2016-ம் ஆண்டு விதிகள். பயன்படுத்திய ஆயில், பெயின்ட் கசடு, கழிவுநீர் சுத்திகரிப்பில் மிஞ்சும் ரசாயனக் கசடு, ரசாயனம் இருந்த காலி பேரல் ஆகியவை இந்த விதிகளின் பட்டியலில் வருகின்றன.

இவற்றை உண்டாக்கும் நிறுவனம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 1-ல் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிடைத்த அங்கீகாரம் 5 ஆண்டுகள் செல்லும். நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையத்திலும் வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இயங்குகிறது.

கழிவைப் பட்டறையிலேயே எத்தனை நாள் வைத்திருக்கலாம்? பொதுவாக 90 நாள். ஆண்டுக்கு 10 டன் வரை மட்டுமே உண்டாக்கும் சிறிய நிறுவனமாக இருந்தால், வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். எவ்வளவு உண்டானது, எவ்வளவு அனுப்பப்பட்டது என்று படிவம் 3-ல் பதிவேடு எழுத வேண்டும். ஆண்டுக் கணக்கை ஜூன் 30-க்குள் படிவம் 4-ல் தாக்கல் செய்ய வேண்டும்.

அப்போ லாரிக்காரருக்கு யார் அனுமதி தருவது?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். போக்குவரத்துக்கான அங்கீகாரத்தை, கழிவை அனுப்புபவரோ வாங்கிக்கொள்பவரோ பெற வேண்டும் என்கிறது விதி. யாருக்காக வண்டி ஓடுகிறதோ அவர்கள் இருவரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். "லாரி ஓனர்கிட்ட பேப்பர் இருக்கும்" என்று விட்டுவிட முடியாது.

வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது.

* வண்டி நீல நிறத்தில் இருப்பது நல்லது. நடுவில் 15 முதல் 30 செ.மீ. அகலத்துக்கு வெள்ளைப் பட்டை ஓட வேண்டும்.
* எல்லாப் பக்கமும் 'அபாயகரமான கழிவு' என்று எழுதியிருக்க வேண்டும்.
* இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய வண்டியாக இருக்க வேண்டும். காலையில் கசடு, மாலையில் கோழித்தீவனம் என்று மாற்றி ஏற்றக் கூடாது.
* ஓட்டுநர் குறைந்தது 10-ம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.
* விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அவசரகால அட்டை (படிவம் 9) வண்டியில் இருக்க வேண்டும்.

7 நகல், 7 நிறம்

இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு, படிவம் 10 எனப்படும் கழிவுச் சீட்டு. ஒரு லோடுக்கு 7 நகல்.

* வெள்ளை: அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.
* மஞ்சள்: வண்டிக்காரரின் கையெழுத்தை வாங்கி அனுப்புபவர் வைத்துக்கொள்ள வேண்டும்.
* இளஞ்சிவப்பு: கழிவைப் பெற்றவர் வைத்துக்கொள்வது.
* ஆரஞ்சு: லோடு இறங்கியதும் வண்டிக்காரருக்குத் தரப்படுவது.
* பச்சை: பெற்றவர் வாரியத்துக்கு அனுப்புவது.
* நீலம்: பெற்றவர், அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்புவது.
* சாம்பல்: அனுப்பியவர் வேறு மாநிலத்தில் இருந்தால், அந்த மாநில வாரியத்துக்குப் போவது.

இதில் பட்டறை உரிமையாளருக்கு முக்கியமானது நீல நகல். கழிவு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்பதற்கு அவர் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். கிளம்பியது 20 பேரல், இறங்கியது 12 பேரல் என்றால் வித்தியாசம் இந்தச் சீட்டுகளை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நீல நகல் திரும்பி வரவில்லை என்றால், லோடு வழியில் எங்கேயோ போய்விட்டது என்று சந்தேகிக்க அதுவே போதும்.

இந்தக் கழிவு எல்லாம் எங்கே போகிறது?

மறுசுழற்சி செய்ய முடியாத அபாயகரமான கழிவுக்கு தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் விருதுநகர் மாவட்டத்திலும் பாதுகாப்பான நிலநிரப்பு மையங்கள் உள்ளன. திருச்செங்கோட்டில் இருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 400 கி.மீ. தூரம். வாடகையும் கட்டணமும் சேர்ந்தால் சிறிய பட்டறைக்குச் சுமைதான். குறைந்த விலைக்கு "நான் எடுத்துக்கிறேன்" என்று வரும் ஆளிடம் பலர் கொடுத்துவிடுவதற்குக் காரணமே இந்தத் தூரம்தான்.

சாயப்பட்டறை கசடு சிமென்ட் ஆலைகளின் சூளைக்கும் போகிறது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டு கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற முறை இறுகியது. தண்ணீர் வெளியே போகாவிட்டால் உப்பும் கசடும் உள்ளே சேரும். பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற காவிரிக்கரை சாயத்தொழில் ஊர்களிலும் கேள்வி இதுதான்: சேரும் கசடு எந்த வண்டியில், எங்கே போகிறது?

நாடு முழுக்கப் போய் போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் ஊர் திருச்செங்கோடு. நிலத்தடி நீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு எங்கும் தெரியாது. ஓடையில் கொட்டும் ஆயிலும் கசடும் மெல்ல அந்த நீருக்குத்தான் இறங்கும்.

மறுசுழற்சிக்குப் போகும் பொருளுக்கு?

இரும்புத் துண்டு, கழிவுப் பஞ்சு, அட்டை ஆகியவை அபாயகரமான கழிவு அல்ல. பழைய இரும்புக்கடைக்கோ வியாபாரிக்கோ ரசீது போட்டு விற்கலாம். சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ரூ.1 லட்சத்தையும், வெளிமாநிலத்துக்கு ரூ.50,000-ஐயும் தாண்டினால் இ-வே பில் வேண்டும். இ-வே பில் என்பது வரிக்கான சீட்டு. அதைக் காட்டி அபாயகரமான கழிவை ஏற்ற முடியாது.

கழிவு ஆயில் அப்படி அல்ல. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்த விதிகளின்படி, ஆயிலைச் சேகரிக்கும் முகவரும் மறுசுழற்சி செய்பவரும் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய பேட்டரிக்கும் டயருக்கும் 2022 முதல் இதேபோல் பதிவு முறை இருக்கிறது.

மாநில எல்லை தாண்டினால்?

அழிப்பதற்காக வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் இரண்டு மாநில வாரியங்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும். மறுசுழற்சிக்கு என்றால் இரண்டு வாரியங்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் என்பதற்கு 2024 டிசம்பரே சாட்சி. கேரளாவில் இருந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டதும், கேரள அரசே லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிச் சென்றது. 2025 ஏப்ரலில், மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுபவர்களைத் தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் தாக்கலானது.

மற்ற ஊர்களில் எப்படி?

சிங்கப்பூரில் தேசியச் சுற்றுச்சூழல் முகமை, கழிவின் வகையைப் பார்த்து லைசென்ஸ் பிரிக்கிறது. கசடும் எண்ணெய்ப் பிசுக்கும் எடுக்க ஒரு வகை, நச்சுத் தொழிற்கழிவுக்குத் தனி லைசென்ஸ்.

நியூயார்க்கில் கடைக் குப்பை அள்ளும் தொழில் ஒரு காலத்தில் மாஃபியா பிடியில் இருந்தது. 1996-ல் வந்த சட்டம், லைசென்ஸ் கேட்பவரின் பின்னணியை விசாரிக்கத் தனி ஆணையம் அமைத்தது. 2019-ல் நகரை 20 மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு அதிகபட்சம் 3 நிறுவனம் என்று வரையறுத்தார்கள். ஒரே தெருவுக்கு இரவில் பல லாரிகள் ஓடுவதைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

தமிழ்நாட்டு முறையில் வண்டிக்காரரின் பின்னணியை விட, அனுப்புபவரின் பொறுப்புக்குத்தான் அழுத்தம் அதிகம்.

பிடிபட்டால் என்ன?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரையிலான அபராதமாக மாறியது. அதோடு, கழிவால் நிலமோ கிணறோ கெட்டால் அதற்கான இழப்பீட்டுக்குக் கழிவை உண்டாக்கி அனுப்பியவரும், அதைப் பெற்ற அழிப்பு மையத்தை நடத்துபவரும் பொறுப்பு என்கிறது 2016 விதி.

வண்டி வாசலுக்கு வந்தால் கேட்க வேண்டியவை

* செப்டிக் டேங்க் லாரி என்றால்: உள்ளாட்சி லைசென்ஸ் நகல், அது காலாவதியாகும் தேதி, எந்த நிலையத்தில் இறக்கப்போகிறார்.
* கழிவு ஆயில், பேட்டரி என்றால்: மத்திய வாரியப் பதிவு எண்.
* கசடு, பெயின்ட், ரசாயன பேரல் என்றால்: போக்குவரத்து அங்கீகாரம், வாங்குபவரின் அங்கீகாரம், படிவம் 10.
* கிளம்பும் முன்: எடை, வண்டி எண், தேதி பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். மஞ்சள் நகலில் கையெழுத்து இருக்க வேண்டும்.
* சில நாள் கழித்து: நீல நகல் வந்ததா?

இந்தக் கேள்விகளைக் கேட்டதும் "அதெல்லாம் எதுக்குங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று பதில் வந்தால், பேரலை ஏற்றாமல் இருப்பதே நல்லது. பிடிபடும்போது அந்த லாரியில் இருப்பது உங்கள் பட்டறையின் கழிவு.