சமையலறைத் தொட்டியும் மென்படலத்தின் ஒழுங்கும்

முல்லைத்தீவுக் கரையிலே, நாயாற்றுக் களப்பு கடலை அணுகும் இடத்தில், படகின் இயந்திரம் சிந்திய எண்ணெய்த் துளி நீர்மேல் விரிந்து வானவில் வண்ணங் காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அழுக்கென்று நாம் ஒதுக்கும் அம்மெல்லிய படலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

இலண்டனை அடுத்த கிளப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் அளவு நீரின் அலைகளை அடக்கியதை, 1774ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதி வெளியிட்டார். ஆயினும், அப்படலத்தை முறையாக அளக்க வழி கண்டவர் ஜேர்மனியப் பெண்மணியான அக்னெஸ் பொக்கெல்ஸ். பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்கு அடைபட்டிருந்த காலம் அது. அவருக்கு வாய்த்த ஆய்வுகூடம் வீட்டுச் சமையலறையே. ஒரு தகரத் தொட்டியில் நீரை நிரப்பி, குறுக்கே வைத்த தகரத் துண்டை நகர்த்திப் படலத்தை நெருக்கினார். நீர்ப்பரப்பைத் தொடும் சிறு பொத்தானை இழுத்தெடுக்க வேண்டிய விசையை அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை 1891இல் ரேலி பிரபு ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவரச் செய்தார்.

அப்படலம் ஒரே மூலக்கூறின் தடிப்புடையது என்பதையும், நெருக்கும்போது மூலக்கூறுகள் தலையை நீரில் ஊன்றி, காலை வணக்கத்தில் நிற்கும் மாணவரைப்போல் நிமிர்ந்து நிற்கின்றன என்பதையும் 1917இல் இர்விங் லாங்மியூர் விளக்கினார். 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், எழுபது வயதை எய்திய பொக்கெல்ஸ் அம்மையாருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

பின்னர் பல்பகுதியங்களின் காலம் வந்தது. எண்ணெயும் நீரும்போல் ஒன்றையொன்று வெறுக்கும் இரு வகை மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒரு முனையிற் பிணைத்துவிட்டால், அவை விலக முயலும். முற்றாகப் பிரியவும் இயலாது. ஆகவே, மெல்லிய படலத்திலே புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தாமே அணிவகுக்கின்றன. 1997இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் இக்கோலத்தை அச்சாகக் கொண்டு, மூன்று அங்குலச் சிலிக்கன் தட்டொன்றில் 3 இலட்சம் கோடி துளைகளை இட்டனர். ஒவ்வொன்றின் அகலமும் 20 நனோமீற்றரே. அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு!

“ஐயா, ஆய்வுகூடம் இல்லாமல் விஞ்ஞானம் படிப்பது எப்படி?” என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. ஆய்வுகூடம் வேண்டியதே, அதற்காக நாம் வாதாடவும் வேண்டும். ஆனால், அது வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருத்தல் ஆகாது. ஒரு தகரத் தொட்டியும் ஒரு பொத்தானும் எத்துணை தூரம் சென்றன என்பதை எண்ணிப் பாருங்கள். நாயாற்று நீரிலும் அதே படலம் விரிந்துகொண்டுதான் இருக்கிறது.